சீடத்துவமும் பந்தியும்

கிறிஸ்தவ சமயத்தைப் பற்றி நம் நாட்டிலே எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் அதன் கொள்கைகளைப் பற்றியே எழுதுகின்றனர், பேசுகின்றனர். அக்கொள்கைகளை ஏற்றுக்கொண்ட மனிதன் எந்த வழியால் நல்லவனாகின்றான், எந்தப் பயிற்சியினால் அவனுடைய கோபம் தணிகின்றது, நா அடங்குகின்றது, கை தாராளமாகின்றது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. ஞானஸ்நானப் பதிவேட்டிலே பெயர் ஏறிவிட்டால் ஆள் உருவாகிவிட்டான் என்று எண்ணுகின்றோம். பெயர் ஏறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆள் உருவாவதற்கு ஓர் ஆயுட்காலமும் போதாமற் போகலாம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க உதவுவது, ஒருவருக்கொருவர் கணக்கொப்புவித்து வாழும் ஒரு சிறு கூட்டமே என்பது என் துணிபு. அக்கூட்டம் மெய்யானதா, போலியானதா என்பதை அறிதற்கு நம் மண்ணிலே ஓர் உரைகல்லும் உண்டு. அது பந்தி.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். புரட்டஸ்தாந்து மக்கள் தங்கள் வேதாகமத்திலே ‘சீஷன்’ என்று வாசிக்கின்றனர்; கத்தோலிக்க மக்கள் ‘சீடன்’ என்று வழங்குகின்றனர். இரண்டுக்கும் மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கற்பவன் என்பதே பொருள். அந்தியோக்கியா நகரத்திலேதான் இவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்னும் பெயர் முதன்முதல் வழங்கிற்று என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறும். அதற்கு முன்னர் அவர்கள் கற்பவர்களாகவே அறியப்பட்டனர். ஏட்டைக் கற்பதை மாத்திரம் இச்சொல் குறிப்பதில்லை. குருகுலவாசத்தை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. குருவின் இல்லத்திலே விறகு பிளந்து, தண்ணீர் அள்ளி, அவர் உண்பதையும் உறங்குவதையும், துன்பம் வந்தபோது நடந்துகொள்வதையும் அருகிலிருந்து கண்டு கற்பவனே சீடன். இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்ட நோக்கங்களைக் கூறும் மாற்கு, அவர்களைப் பிரசங்கிக்க அனுப்புவதற்கு முன்னதாக, தம்மோடு இருக்கச் செய்வதையே முதல் நோக்கமாக வைத்தார். இவ்வரிசை சிந்திக்கத் தக்கது.

அப்பன்னிருவர் எத்தகையோர்? மத்தேயு, ஊரார் வெறுத்த ஆயக்காரர். சீமோன் என்பவரோ, அவருக்கு வழங்கிய பட்டப்பெயரைக் கொண்டு நோக்கின், இனப்பற்று மிக்க தீவிரவாதியாக இருந்திருத்தல் கூடும். இவ்விருவரும் ஒரே பந்தியில் இருந்து ஒரே தட்டிலே கையிட்டு உண்டனர். அவர்கள் பெற்ற முதற்பாடம் மலைப்பிரசங்கம் அன்று. பக்கத்தில் இருப்பவனைச் சகிப்பதே முதற்பாடம் என்று நான் கருதுகின்றேன்.

பிற்காலத்துச் சபைகளில் எழுந்த பெரும் பூசல்களும் பந்தியிலேயே எழுந்தன. அந்தியோக்கியாவிலே புறசாதியாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி அப்பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். கொரிந்து சபையிலே வசதியுள்ளோர் முந்தி உண்டு களித்திருக்க, உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழைகள் பசித்திருந்தனர். அதனைப் பந்தி ஒழுக்கத்தில் நேர்ந்த ஒரு சிறு குறையாகப் பவுல் கருதவில்லை. அத்தகைய உணவு ஆண்டவருடைய விருந்தென்னும் பெயருக்கே உரியதாகாது என்று கண்டித்தார். உபதேசத்திலே பிழையில்லாத சபையும் பந்தியிலே பிழைபடக் கூடும் என்பது இவற்றால் விளங்குகின்றது.

இனி, நற்குணங்கள் எவ்வாறு விளைகின்றன என்று நோக்குவோம். பொறுமையைத் தனியறையில் இருந்து பழக இயலாது; பொறுமையைச் சோதிக்கும் ஒருவன் அருகில் இருத்தல் வேண்டும். மன்னிப்பதற்கு, நம்மை நோகச் செய்தவன் ஒருவன் வேண்டும். தாழ்மையை எடுத்துக்கொண்டாலோ, நம் குறையைக் கண்டு சொல்ல உரிமை பெற்ற ஒருவன் வேண்டும். 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றினால் ஆலயங்கள் அடைபட்டபோது ஆராதனை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. அஃது அக்காலத்துக்குத் தகுந்த உதவியே. ஆயினும், அன்றுமுதல் உலகத்தின் சிறந்த பிரசங்கங்களையெல்லாம் படுக்கையிலிருந்தே கேட்கலாம் என்ற நிலையும் உண்டாயிற்று. கேட்கட்டும், தடையில்லை. ஆனால் திரையிலே தோன்றும் போதகர் நம் வீட்டுச் சண்டையை அறியார். நாம் கடன் வாங்கித் திருப்பிக் கொடாததையும் அறியார். நம்மை அறியாதவர் நம்மைத் திருத்துவது எங்ஙனம்?

இதற்கு வரலாற்றிலே தெளிவான சான்றுகள் உள. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கின்றேன்.

முதலாவது, 1742ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் நிகழ்ந்தது. ஜோன் வெஸ்லியின் கூட்டத்தார் அங்கே கட்டிய மண்டபத்தின்மேல் கடன் இருந்தது. அதனை அடைக்கும் வழியை ஆராய்ந்தபோது, அங்கத்தவர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் போய் என்னும் கப்பற்றலைவர். ஏழைகள் பலருக்கு அதுவும் இயலாதே என்று மற்றொருவர் மறுத்தார். அப்படியாயின் மிக ஏழைகளான பதினொருவரை என்னிடம் ஒப்படையுங்கள். வாரந்தோறும் அவர்களிடம் செல்வேன். அவர்களால் இயலாதபோது நானே அவர்களுக்காகவும் கொடுப்பேன் என்றார் அக்கப்பற்றலைவர். வேறு சிலரும் அவ்வாறே முன்வந்தனர். இங்ஙனம் கூட்டம் முழுவதும் பன்னிருவர் பன்னிருவராக வகுக்கப்பட்டது.

காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், காசைவிட முக்கியமான செய்திகளோடு திரும்பினர். ஒருவன் குடிக்கின்றான், மற்றொருவன் இல்லத்தில் ஓயாத சண்டை. இதைக் கேட்ட வெஸ்லி, தாம் நெடுநாள் தேடியது இதுவே என்று கண்டுகொண்டார். வகுப்புத் தலைவர்கள் காசோடு ஆன்ம நிலையையும் விசாரிக்கலாயினர். வீடுதோறும் செல்வதிலோ இடர்கள் இருந்தன. பிறர் வீட்டிலே வேலை செய்த ஊழியரை எசமானர் தனியே பேச விடவில்லை; ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தால் நேரில் வைத்து விசாரிக்கவும் இயலவில்லை. ஆகவே பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்திற் கூடுவது வழக்கமாயிற்று. கடன் தீர்க்கப் பிறந்த ஏற்பாடு இவ்வாறு ஆள் உருவாக்கும் ஏற்பாடாகியது. அவர்கள் துறவிகளல்லர், சுரங்கத்தொழிலாளரும் கைவினைஞரும் வீட்டு வேலைக்காரருமே. சீடத்துவம் மடத்துக்கே உரியது என்போருக்கு இதுவே தக்க விடையாகும்.

அந்த மரபு 1814இல் நம் தீவுக்கு வந்தது. லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஓல்ட் அடுத்த ஆண்டிலேயே காலமானார். அவர்கள் வழியாக வந்த பள்ளிக்கூடங்கள் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. வகுப்புக் கூட்டமோ தான் பிறந்த நாட்டிலேயே 19ஆம் நூற்றாண்டிலே உயிர் குன்றியது. சந்தா நிலைத்தது, விசாரணை மறைந்தது. இந்நிலை ஒரு சபைக்கு மாத்திரம் உரியதன்று. உள்ளீடு போனபின்னும் ஓடு நெடுங்காலம் நிற்பது எல்லாச் சமய நிறுவனங்களுக்கும் பொதுவான விதி.

இரண்டாவது சான்று ஜேர்மனி நாட்டது. ஹிட்லருக்குப் பணிய மறுத்த திருச்சபையார், தம் போதகர்களைப் பயிற்றுவதற்கு 1935இல் ஒரு குருமடத்தைத் தொடங்கி, சில வாரங்களில் அதனைப் பிங்கன்வால்டு என்னும் ஊருக்கு மாற்றினர். அதன் தலைவர் டீட்ரிக் பொன்ஹோபர். அப்போது அவருக்கு வயது 29. அங்கே இருவகைச் செய்திகள் என் மனத்தைக் கவர்கின்றன. அவருடைய மாணவராயிருந்து பின்னர் அவர் வரலாற்றை எழுதிய பெத்கே அவற்றைத் தெரிவிக்கின்றார். ஆரம்ப நாள்களில் ஒருநாள், பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று சமையலறையிலிருந்து செய்தி வந்தது. ஒருவரும் எழவில்லை. பொன்ஹோபர் யாதும் பேசாது எழுந்து சென்றார். வெட்கமுற்றுப் பின்னே ஓடிய மாணவரை உள்ளே விடாது, கதவைப் பூட்டிக்கொண்டு தாமே கழுவினார். மற்றையது ஒரு விதி. அங்குள்ள சகோதரர் எவரைப் பற்றியும் அவர் இல்லாத இடத்திலே பேசலாகாது. பேசிவிட்டால் அதனை அவரிடமே சென்று தெரிவித்தல் வேண்டும். இவ்விதியைக் காப்பதிலும் காக்கத் தவறுவதிலும் தாம் கற்றவை, பிரசங்கங்களிலும் பாடங்களிலும் கற்றவற்றுக்குக் குறைந்தவையல்ல என்று அம்மாணவர் பின்னர் கண்டனர்.

1937இல் இரகசியப் பொலிசார் அக்குருமடத்தை மூடினர். அதே ஆண்டிலேதான் சீடத்துவத்தைப் பற்றிய பொன்ஹோபரின் நூல் வெளிவந்தது. கூடிவாழும் வாழ்வைப் பற்றிய நூல் 1939இல் வந்தது. 1945 ஏப்ரில் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கொலைமரத்தின் முன் நின்றபோது ஒருவரிடம் விளங்கும் உறுதி அன்று காலையிலே பிறப்பதில்லை. பாத்திரம் கழுவுவது, புறங்கூறாதிருப்பது போன்ற அற்பமாகத் தோன்றும் பயிற்சிகளின் நீண்ட வட்டிக் கணக்கே அது. ஆறாம் நூற்றாண்டிலே விதி வகுத்த பெனடிக்ட் முனிவரும் இதனை அறிந்திருந்தார். துறவியர் வாரமுறை வைத்துச் சமையலறைப் பணி செய்யவேண்டும் என்றும், வாரம் முடிப்பவனும் தொடங்குபவனும் எல்லோருடைய கால்களையும் கழுவவேண்டும் என்றும் அவர் விதித்தார். மடத்துக் கருவிகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் பீடத்துத் திருப்பாத்திரங்களுக்கு நிகராக மதிக்கும்படி பணித்தார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவர்களின் சோதனை எங்கே நிகழ்ந்தது என்று கேட்டால், அதுவும் சமையற்கட்டிலேயே நிகழ்ந்தது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், சபைக்குள்ளே சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு நிருபம் விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. புகழ்பெற்ற புலவரான வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்ப்போர் பக்கமே நின்றார். பக்தியும் புலமையும் நிறைந்த ஒருவரே அப்பக்கம் நின்றார் என்றால், பக்தி வேறு, பந்தி வேறு என்று நம் மனம் எவ்வளவு எளிதாகப் பிரித்து வைத்துக்கொள்கின்றது என்பதை உணரலாம். யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய முதல் விடுதிப் பாடசாலைகளில், மிஷன் வளவிலே சமைத்த உணவை உண்ணப் பிள்ளைகள் மறுத்தனர். அயல் வளவிலே சமையல் நடந்தது. நூலைப் பெறுவதில் இல்லாத தயக்கம் சோற்றைப் பெறுவதில் இருந்தது.

நிருபம் சாதியாததை ஒரு வீடு சாதித்தது. 1921இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரிலே கிறிஸ்துகுல ஆச்சிரமம் தோன்றியது. அதனை நிறுவியோர் இருவர், இருவரும் மருத்துவர். ஒருவர் தமிழராகிய சவரிராயன் யேசுதாசன். மற்றவர் ஸ்கொத்லாந்தவராகிய பொறஸ்டர் பேற்றன். யேசுதாசனைப் பெரியண்ணன் என்றும், பேற்றனைச் சின்னண்ணன் என்றும் எல்லோரும் அழைத்தனர். வெள்ளையன் என்றால் துரை என்று வணங்கிய அக்காலத்திலே, ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் இனத்தைச் சேர்ந்தவருக்கு இளையவராக வாழ மனமொப்பினார். ஒரே நிலத்திலே உழைத்து, ஒரே பந்தியில் உண்டு, நோயாளருக்குப் பணி செய்து, திராவிடக் கோயில் அமைப்பிலே வழிபாட்டிடம் ஒன்றும் எழுப்பினர். இந்தச் சின்னண்ணன் என்ற ஒரு சொல்லுக்கு ஈடான பிரசங்கம் எதனையும் நான் அறியேன். நம் நாட்டிலும் 1939இல் மருதனார்மடத்திலே சேவக் செல்வரத்தினம் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தை நிறுவினார். அதற்கும் முன்னரே, 1928இல், தோலகட்டியிலே தோமஸ் அடிகளார் தமிழ்த் துறவியருக்கான செபமாலைச் சபையைத் தொடக்கி வைத்தார். நம்மவர் இத்துறையிலே வெறுங்கையராக இருந்தவரல்லர்.

இவ்வளவு இருந்தும் இன்றைய நிலை யாது? ஆலயத்திலே ஒரே பாத்திரத்திலிருந்து இராப்போசனம் பெற்றவர்கள், வெளியே வந்தபின் ஒருவர் வீட்டிலே மற்றொருவர் தண்ணீரும் குடியாதிருப்பதை நான் கண்டிருக்கின்றேன். இருபது ஆண்டுகள் ஒரே வாங்கிலே அருகருகே அமர்ந்து பாடியவர்கள், பிள்ளைகளின் கலியாணப் பேச்சென்று வந்ததும் ஒருவரை ஒருவர் அறியாதார்போலப் பேசியதைக் கேட்டிருக்கின்றேன். யாரையும் குறித்துக் குறைகூற இதனை எழுதவில்லை. பாட்டும் செபமும் பிரசங்கமும் ஓராயிரம் ஞாயிறு நடந்தும் அசையாத ஒன்று நம்முள்ளே இருக்கின்றது என்பதற்காகவே எழுதுகின்றேன். அதனை அசைப்பதற்கு மேலும் ஆயிரம் ஞாயிறு போதும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தோன்றவில்லை.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இடிந்த ஆலயங்கள் பல மீண்டும் எழுந்தன. புலம்பெயர்ந்த உறவினரின் உதவி அதற்குக் கைகொடுத்தது. நன்றியோடு நினைக்கத்தக்க செயல் அது. ஆயினும் கூரை போடப் பணம் அனுப்பலாம். கூட்டத்தை அனுப்ப இயலாது. இழப்பும் சந்தேகமும் நிறைந்த ஊர்களிலே, ஒருவனை ஒருவன் நம்பிப் பேசும் பழக்கமே குலைந்துபோயிற்று. அதனை மீளக் கட்டுவது கல்லையும் சீமெந்தையும் கொண்டு செய்யும் வேலையன்று.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவன இரண்டு. அவற்றையும் நேர்மையாக எடுத்து நோக்குதல் வேண்டும்.

சமயம் என்பது தனி மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையேயுள்ள உறவு. நடுவிலே கூட்டம் எதற்கு என்பர் சிலர். தனிமையின் அவசியத்தை நான் மறுக்கவில்லை. தனித்திருக்க அறியாதவன் கூட்டத்திலே அடைக்கலம் தேடினால் கூட்டத்தையும் கெடுப்பான் என்று பொன்ஹோபரே எச்சரித்தார். ஆனால் அவர் அதன் மறுபாதியையும் உடன் கூறினார். கூட்டத்துள் வாழாதவன் தனிமைக்கும் அஞ்சவேண்டும். தனிமையிலே நம் குற்றங்களுக்கு நாமே வழக்கறிஞர், நாமே நீதிபதி. அந்த நீதிமன்றத்திலே தண்டனை பெற்றவரைக் காண்பது அரிது.

மற்றைய மறுப்பு வலியது. பிறர் வாழ்வை விசாரிக்கும் உரிமையைக் கொடுத்தால் அது கொடுங்கோன்மையாகாதா? ஆகக்கூடும், ஆகியும் இருக்கின்றது. 1970களிலே அமெரிக்காவில் மேய்ப்பர் இயக்கம் என்று ஒன்று பரவியது. ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்றனர். காலப்போக்கிலே தொழில், திருமணம், வீடு ஆகியவற்றையும் மேய்ப்பரே தீர்மானிக்கும் நிலை பல இடங்களில் உண்டாயிற்று. 1980களிலே அவ்வியக்கம் கலைந்தது. அதன் தலைவருள் ஒருவர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கணக்கு ஒரு பக்கமாகவே ஒப்புவிக்கப்பட்டதே அதன் கேடு. விசாரிப்பவனையும் விசாரிப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பெனடிக்ட் முனிவர் முக்கியமான காரியங்களில் மடத்துத் தலைவர் எல்லோரையும் அழைத்து யோசனை கேட்கவேண்டும் என்றும், பல வேளைகளில் இளையவனுக்கே சிறந்த வழி புலப்படும் என்றும் எழுதி வைத்ததன் ஞானம் இங்கே விளங்குகின்றது. ஆகவே, இம்மறுப்புச் சிறு கூட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. அதற்கு வேலி அமைப்பதற்கே காரணமாகும்.

அவ்வேலியோடு கூடிய ஒரு சிறு யோசனையை வாசகர் முன் வைக்கின்றேன். ஒவ்வொரு சபையும் பன்னிருவர் அளவான சிறு கூட்டங்களாகப் பிரியட்டும். உறவினரும் ஒரே குறிச்சியாருமே ஒரு கூட்டமாகச் சேரவிடாது, தோட்டக்காரரும் ஆசிரியரும் கடைக்காரரும் கூலிக்காரரும் கலக்கும்படி அமைத்தல் வேண்டும். அவர்கள் வாரம் ஒருமுறை கூடட்டும். தலைமை ஒருவரிடமே நிலைக்காது முறைவைத்து மாறட்டும். பிறரிடம் கேட்கும் கேள்வி எதனையும் தலைவர் முதலிலே தம்மிடம் கேட்டு விடை கூறட்டும். இல்லாதவரைப் பற்றிப் பேசாதிருத்தல் என்ற பிங்கன்வால்டு விதியை எல்லோரும் ஏற்கட்டும். ஊர்வம்பே பொழுதுபோக்கான நம் சமுதாயத்துக்கு இந்த ஒரு விதியே போதுமான தவமாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மாதம் ஒருமுறையாவது அவர்கள் சேர்ந்து உண்ணட்டும். கடையில் வாங்கிய பொதிச்சோற்றை ஆலய மண்டபத்திலே பகிர்ந்து உண்டால் போதாது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவர் வீட்டிலே, அவ்வீட்டு அடுப்பிலே, அவ்வீட்டார் கையாற் சமைத்ததை உண்ணவேண்டும். பாத்திரங்களை விருந்தினர் கழுவவேண்டும். ஏழை வீட்டிலே கூழாக இருந்தாலும் அது போதும். பன்னிரண்டு மாதத்திலே பன்னிரண்டு அடுப்புகளையும் அவர்கள் அறிந்திருப்பர். எந்த வீட்டுக்குப் போகும் மாதத்திலே சிலருக்குத் திடீரென்று வேறு அலுவல் ஏற்படுகின்றது, எவர் தேநீரை மாத்திரம் அருந்திவிட்டுச் சோற்றைத் தவிர்க்கின்றார் என்பவற்றை அங்குள்ள எல்லோரும் காண்பர். அவ்வேளையிலே அவரை அன்போடு விசாரிப்பதே அக்கூட்டத்தின் முதற்கடமை. அவரும் தம் மனத்தைத் திறந்து பேசுவாரானால், அன்றிரவு அவ்வீட்டிலே நிகழ்வது ஒரு பேராயர் நிருபத்தால் நிகழாதது.

இது மிகச் சிறிய காரியம் என்று சிலர் நகைக்கலாம். எழுப்புதற் கூட்டங்களிலே ஆயிரவர் கூடும்போது, பன்னிருவர் கூடிக் கூழ் குடிப்பதால் ஆவது என்ன என்று வினவலாம். ஆயிரவர் கூடுவது நன்றே. ஆனால் ஆயிரவர் கூடுமிடத்திலே ஒருவன் மறைந்திருக்கலாம். பன்னிருவருள்ளே மறைய இயலாது. மறைய இயலாத இடத்திலே மனிதன் ஒன்றில் ஓடிப்போவான், அல்லது மாறுவான். ஓடாமல் இருந்து மாறுகின்றவனையே கற்பவன் என்று ஆதிச் சபையார் அழைத்தனர்.